பொதிகைக்குப் படிக்கட்டு வேணாம்

அகத்தியர்கூடம் ஏறிட்டு வந்த கதையை ஊர்ல சொன்னதும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி: "அங்க படியக் கட்டுனா என்னல? பழனில இல்லையா?" அப்ப பதில் சொல்ல வாய் வரலை, அதான் இங்க :-)

நாம பொதிகைன்னு சொல்ற அந்த உச்சி 1,868 மீட்டர். இருப்பது கேரள எல்லைக்குள்ள. போனக்காட்டுல இருந்து நடந்து, அதிருமலை முகாம்ல ராத்தங்கி, மறுநாள்தான் உச்சி. கடைசிப் பகுதி செங்குத்தான மொட்டைப்பாறை. அங்கங்க கயிறு கட்டியிருக்காங்க. அதைப் பிடிச்சுத்தான் ஏறணும், கீழே பார்க்கக்கூடாது. (பார்த்தேன். முட்டி பத்து நிமிஷம் ஆடுச்சு.)

இந்த மலைப்பகுதிக்கு ஜூன்ல தென்மேற்கு மழை, அக்டோபர்ல வடகிழக்கு மழை, ரெண்டும் கிடைக்குது. பாறைல விழுற தண்ணி வழிஞ்சு ஓடிரும். அதைப் பிடிச்சு வச்சு மெதுவா விடுறது கீழ இருக்குற புல்வெளியும் சோலைக்காடும்தான். மேற்கே நெய்யாறு, கிழக்கே நம்ம தாமிரபரணி. கோடையிலயும் பாபநாசத்துல முங்கிக் குளிக்கிறோம்னா அந்தக் காட்டாலதான்.

படி போட்டா கூட்டம் வரும், கூட்டம் வந்தா கடை வரும், அப்புறம் பிளாஸ்டிக். இப்பவே பாருங்க, இந்த மலைகளைத் தவிர வேற எங்கயும் இயற்கையா வளராத ஒரு செருப்பு ஆர்க்கிட் இங்க உண்டு. ஆசைப்பட்டவங்க பிடுங்கிப் பிடுங்கியே அதை அழிவு விளிம்புக்குக் கொண்டுவந்துட்டாங்க. ஏற இவ்வளவு கஷ்டம் இருக்கும்போதே இந்தக் கதி!

"அப்போ உங்கம்மா?"ன்னார் சித்தப்பா. அங்கதான் அடி விழுந்துச்சு. அம்மாவுக்கு அகத்தியரைப் பார்க்கணும்னு சின்ன வயசு ஆசை. கால்ல தெம்பு இருந்த காலத்துல பெண்களை மலையேற விடலை. கேரள உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு 2019 ஜனவரியிலதான் விட்டாங்க. அது சுத்த அநியாயம், மனுஷன் போட்ட தடை. இப்ப அனுமதி இருக்கு, அம்மாவுக்கு முட்டி இல்லை. படி கட்டினா டோலியிலயாவது கூட்டிட்டுப் போகலாம். தெரிஞ்சேதான் வேணாங்கிறேன். அம்மா முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

திரும்பி வந்த அன்னைக்கு அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"மேல மழை உண்டா?"

"நல்ல சாரல்ம்மா, நனைஞ்சுட்டேன்."

"அப்போ ஆத்துல தண்ணி வரும்"னுட்டு தோசை ஊத்தப் போயிட்டா.