முகம் தெரியாதது குற்றமா?

நமது ஒன்றுகூடல்களில் தவறாமல் நடக்கும் ஒரு காட்சி உண்டு. மண்டப வாசலில் ஒரு மாமியோ சித்தப்பாவோ பிள்ளையின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "என்னை ஆரெண்டு தெரியுதோ? சொல்லு பாப்பம்" என்று கேட்பார். பிள்ளை தாயைப் பார்த்து விழிக்கும். "போன பொங்கலுக்கும் கண்டனாங்கள், அதுக்குள்ள மறந்திட்டாய்!" என்று ஒரு சிரிப்பு எழும். பெற்றோருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். அநேகமான பிள்ளைகளுக்கு இது ஒரு நிமிட விளையாட்டு. ஆனால் சில பிள்ளைகளுக்கு, சில பெரியவர்களுக்கும்கூட, இது ஒவ்வொரு நாளும் எழுதித் தோற்கும் பரீட்சை.

நாம் அறிந்த ஒரு சகோதரி சங்க நிகழ்ச்சிகளுக்கு வருவதையே பல வருடங்களுக்கு முன் நிறுத்திவிட்டார். "கடையில கண்டாலும் காணாத மாதிரிப் போறா, பெரிய எடுப்பு" என்பதுதான் அவரைப் பற்றி நம்மிடையே இருந்த பேச்சு. அண்மையில் அவரே மனம் திறந்து சொன்னார். பாடசாலை விடும் நேரத்தில் ஒரே சீருடையில் வரும் பிள்ளைகளுக்குள் தன் மகளைப் புத்தகப்பையின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பாராம். சிறு வயதிலிருந்தே அப்படித்தானாம். அதைக் கேட்டபோது நாம் வெட்கப்பட்டோம். இந்தக் கட்டுரையை எழுத அதுவே காரணம்.

வைத்திய உலகில் இந்நிலைக்குப் 'புரோசோபக்னோசியா' என்று பெயர். முகம், அறியாமை என்ற பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து இப்பெயரை உருவாக்கியவர் ஜெர்மானிய நரம்பியல் வைத்தியர் யோவாக்கிம் போடமர். 1947ஆம் ஆண்டு, போரில் தலையில் காயம்பட்டு, முகங்களை அடையாளம் காணும் ஆற்றலை இழந்தவர்களைப் பற்றி அவர் எழுதினார். எந்தக் காயமும் இல்லாமல் சிறு வயதிலிருந்தே இப்படி இருக்க முடியும் என்பது வைத்திய ஏடுகளில் முதலில் பதிவானது 1976இல்தான். இவர்களுக்குக் கண்பார்வையில் குறை இல்லை. கண், மூக்கு, வாய் எல்லாம் தெளிவாகத் தெரியும். எதிரில் நிற்பவர் சிரிக்கிறாரா, கோபிக்கிறாரா என்பதும் அநேகருக்கு விளங்கும். அது யாருடைய முகம் என்பது மட்டும் பிடிபடாது. குரல், நடை, தலைமுடி, உடுப்பு ஆகியவற்றை வைத்துச் சமாளித்துக்கொள்வார்கள்.

இது புத்திக் குறைவும் அல்ல. புகழ்பெற்ற நரம்பியல் வைத்தியரும் எழுத்தாளருமான ஒலிவர் சாக்ஸ் தமக்கு இந்தக் குறை இருப்பதை 2010இல் விரிவாக எழுதினார். எதிரே வந்த தாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அது கண்ணாடியில் தெரிந்த தம் உருவம் என்று கண்டுகொண்டாராம். அவருடைய மூத்த சகோதரர் ஒருவருக்கும் இதே சிரமம் இருந்தது. இது குடும்பங்களில் தொடர்ந்து வருவது பல இடங்களில் காணப்பட்டிருக்கிறது. நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் இந்நிலை இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. அப்படியானால் 200 பேர் கூடும் நமது கலைவிழாவில் நான்கு பேர்.

இனி மூளைப் படங்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ஒட்சிசன் ஏந்திய இரத்தம் கூடுதலாகப் பாயும். அந்த மாற்றத்தைக் காந்தப் புலத்தின் உதவியோடு படமாக்குவதே செயற்பாட்டு எம்.ஆர்.ஐ. இம்முறையைக் கொண்டு 1997இல் நான்சி கான்விஷரும் அவரது குழுவினரும் ஒரு முக்கியமான இடத்தைக் காட்டினார்கள். மூளையின் அடிப்புறத்தில், காதுக்கு உட்புறமாகச் சற்றுப் பின்னால், அநேகரில் வலப்பக்கத்தில் கூடுதலாக, முகங்களைக் கண்டால் மட்டும் மிகுதியாக வேலை செய்யும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 2012இல், வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த ஒருவருக்கு இந்தப் பகுதியில் இலேசான மின்தூண்டல் கொடுத்தார்கள். எதிரில் நின்ற வைத்தியரின் முகம் மட்டும் அவர் கண்முன்னே உருமாறியது. மற்றவை எல்லாம் அப்படியே இருந்தன.

அப்படியென்றால் பிறவியிலிருந்தே சிரமப்படுபவர்களிடம் இந்தப் பகுதி வேலை செய்யவில்லையா? விஞ்ஞானிகளும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் 2005இல் வெளியான ஓர் ஆய்வில் அது மற்றவர்களில் போலவே வேலை செய்தது. பிறகு 2009இல், மூளையின் நரம்பிழைகளைத் தடம் பார்க்கும் வேறொரு வகை எம்.ஆர்.ஐ. முறையில் ஆறு பேரை ஆராய்ந்தார்கள். மூளையின் பின்புறத்திலிருந்து முன்புறம் நோக்கிச் செல்லும் இரண்டு நீண்ட இழைக்கற்றைகள் அவர்களில் குறைந்திருந்தன. குறைவு எவ்வளவு அதிகமோ, முகம் காணும் சிரமமும் அவ்வளவு அதிகம். வீட்டில் மின்குமிழ் நன்றாகத்தான் இருக்கிறது, வயர்தான் போதாது என்று இதைச் சொல்லலாம். ஆனால் 2018இல் 22 பேரைக் கொண்டு செய்த பெரிய ஆய்வு, குமிழின் வெளிச்சமும் குறைவுதான் என்று காட்டியது. முகங்களுக்கான பல பகுதிகள் முகத்துக்கும் மற்றப் பொருளுக்கும் காட்டும் வேறுபாடு அவர்களில் குறைந்திருந்தது. வயரா, குமிழா, இரண்டுமா என்ற விவாதம் தொடர்கிறது. எப்படியிருந்தாலும் இந்தச் சிரமம் மூளையின் அமைப்பில் இருக்கிறது; மனத்தின் அலட்சியத்தில் அல்ல. இதை "சாட்டுச் சொல்லுறது" என்று ஒதுக்க நமக்கு இனி நியாயம் இல்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டுப் பிள்ளையை ஸ்கான் எடுக்கக் கூட்டிக்கொண்டு ஓட வேண்டாம் என்பதும் எமது கருத்து. மேலே சொன்னவை ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுக் கண்டவை. தனி ஒருவரின் படத்தைப் பார்த்து இவருக்கு இந்நிலை உண்டு, இல்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. வைத்தியசாலையில் வழக்கமாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. இவர்களில் பொதுவாகச் சாதாரணமாகவே இருக்கும். இதைக் கண்டறிய உதவுபவை முகங்களை நினைவில் வைத்துத் தேர்ந்தெடுக்கும் சோதனைகள். 2006இல் வெளியான கேம்பிரிட்ஜ் முக நினைவுச் சோதனை அவற்றில் பரவலாகப் பயன்படுவது. இந்நிலைக்கு மருந்து இல்லை. பயிற்சியால் சிலருக்கு ஓரளவு முன்னேற்றம் கிடைக்கிறது.

புலம்பெயர்ந்த நாம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேற்று இனத்தவரின் முகங்களைப் பிரித்தறிவது எல்லோருக்குமே சற்றுக் கடினம். புதிதாக வந்த காலத்தில் நம்மில் எத்தனை பேர் வேலைத்தலத்தில் ஆள்மாறிப் பேசியிருப்போம்! அது வேறு விடயம். உறவினர், நண்பர், அயலவர் என்று அடிக்கடி காண்பவர்களையே பிள்ளை தவறவிடுகிறதா, தலைமுடியை மாற்றினால் தடுமாறுகிறதா, படம் பார்க்கும்போது "இவர் ஆர், அவர் ஆர்" என்று ஓயாமல் கேட்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஆசிரியரிடமும் குடும்ப வைத்தியரிடமும் பேசுங்கள். இதுவரை நன்றாக முகம் அறிந்த ஒருவர் திடீரென்று அறியாமல் போனால் அது முற்றிலும் வேறு. பக்கவாதமாகவும் இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர உதவியை அழையுங்கள்.

நம் சமூகத்தில் மரியாதை என்பது பெரும்பாலும் முகம் கண்டு நலம் கேட்பதில்தான் தொடங்குகிறது. அது நல்ல பழக்கம். ஆனால் அதைச் செய்ய முடியாதவரைத் திமிர் பிடித்தவர் என்று ஒதுக்கினால் நாம் இழப்பது நம் சொந்த மனிதரை. இதற்குப் பெரிய செலவு ஒன்றும் தேவையில்லை. சங்க விழாக்களில் எல்லோருக்கும் பெரிய எழுத்தில் பெயர் அட்டை கொடுக்கலாம். முதுமையில் பெயர் மறக்கும் நம் பெரியவர்களுக்கும் அது உதவும். பிள்ளைகளைக் கண்டால் பரீட்சை வைக்காமல், "நான் உன்ர அம்மாவின்ர சிநேகிதி, போன வருஷம் உங்கட வீட்டுக்கு வந்தனான்" என்று நாமே சொல்லிவிடலாம்.

அந்தச் சகோதரியை வரும் பொங்கல் விழாவுக்கு அழைத்திருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரைக் கண்டால் முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.