குசினியைக் காட்டாத வீட்டு விளம்பரங்கள்

வீடு வாடகைக்கு விடுவோர் இணையத்தளங்களிலும் முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் போடும் படங்களைக் கடந்த மூன்று மாதங்களாகத் தினமும் பார்த்து வருகிறேன். நாங்கள் வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள். நான் பிறந்ததிலிருந்து நான்கு வீடுகளில் இருந்துவிட்டோம். இப்போது ஐந்தாவதைத் தேடுகிறோம். பார்த்துப் பார்த்து எனக்குள் உறுதியான கருத்து இதுதான்: இந்தப் படங்கள் வாடகைப் பணம் கொடுப்பவரின் கண்ணுக்காக எடுக்கப்படுகின்றன. அந்த வீட்டில் நாள் முழுவதும் வாழப்போகிறவர்களை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

வழமையான விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு படங்கள் இருக்கும். முதலாவது கேற். இரண்டாவது, அதே கேற் திறந்தபடி. மூன்றாவதில் வாசலில் ஒரு கார் நிற்கும். அது வாடகையில் சேர்த்தியில்லை. நான்காவதும் ஐந்தாவதும் ஹோலில் உள்ள செற்றி, வலப்பக்கத்தால் ஒன்று, இடப்பக்கத்தால் ஒன்று. ஆறாவது ஒரு பூச்சாடி. ஏழாவது பக்கவாட்டில் சரிந்து கிடக்கும். கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் மாடிப்படி. குசினி இல்லை. குளியலறை இல்லை. உடுப்புக் காயப்போடும் இடம் இல்லை.

சிரிப்பதற்கு இதில் நிறைய உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் உம்மா சிரிப்பதில்லை. வீடு பார்க்கப் போவது வாப்பாவும் நானாவும்தான். ஞாயிற்றுக்கிழமையில் பஸ் ஏறிப் போய், பத்து நிமிடம் பார்த்துவிட்டு வருவார்கள். உம்மாவுக்குக் கிடைப்பது போனில் உள்ள படங்கள் மட்டும். “குசினிக்கு ஜன்னல் இருக்கா?” என்று உம்மா கேட்பார். “அதக் கவனிக்கல்லயே” என்பார் வாப்பா. எத்தனையோ குடும்பங்களில் இதே கதைதான் என்பது என் தோழிகளுடன் கதைத்தபோது தெரிந்தது.

இப்போது நாங்கள் இருக்கும் வீட்டின் குசினிக்கு ஜன்னல் இல்லை. மீன் பொரித்தால் புகை ஹோலுக்குத்தான் வரும். இரண்டு வருடமாக உம்மா அதற்குள் நின்று சமைக்கிறார். விளம்பரத்தில் அந்தக் குசினியின் படம் இருக்கவில்லை. கொழும்பில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று முற்பணம் கேட்கும் வீடுகள் ஏராளம். அவ்வளவு பணத்தைக் கொடுத்த பிறகு, குசினி சரியில்லை என்று அடுத்த மாதமே எழும்பிப் போக எத்தனை பேரால் முடியும்?

படம் இருந்தாலும் அதை அப்படியே நம்ப முடியாது. இன்றைய போன்கள் பலவற்றில் 0.5 என்று ஒரு தெரிவு உண்டு. அது அகலக் கோண லென்ஸ். சில போன்களில் அது சுமார் 120 பாகை அகலத்தைப் படத்துக்குள் கொண்டுவரும். அதனால் எதிர்ச்சுவர் தூரப் போய்விடும். சின்ன அறை கல்யாண மண்டபம் போலத் தோன்றும். இதைக் கண்டுபிடிக்க வழியுண்டு. படத்தின் ஓரத்தில் உள்ள வட்ட மணிக்கூடு நீள்வட்டமாக இழுபட்டிருந்தால் அது அந்த லென்ஸின் வேலை. தரையில் டைல் இருந்தால் எண்ணிப் பாருங்கள். இரண்டடி டைல் ஐந்து இருந்தால் அறையின் நீளம் பத்தடிதான். ஆறடிக்கு ஐந்தடிக் கட்டிலைப் போட்டால், அலுமாரியின் கதவைத் திறக்க இடமிருக்குமா என்பதை அப்போதே கணக்கிடலாம்.

இன்னும் சில விடயங்களை வெயில் நாளில் எடுத்த படம் சொல்லாது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதை நாடே அறியும். அப்படியான இடத்தில் உள்ள வீட்டின் சுவருக்குப் புதுப் பெயின்ற் அடித்துப் படம் எடுத்தால், தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறியது என்பது மறைந்துவிடும். வீட்டுக்காரருக்கு அது தெரியும். புதிதாக வருபவருக்குத் தெரியாது.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியிடம் கேட்ட சம்பவத்தை நாம் எல்லோரும் இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றிருக்கிறோம். ஹோலை மட்டும் காட்டிக் குசினியை மறைக்கும் விளம்பரமும் அந்தக் குவியலைப் போன்றதுதான் என்பது என் எண்ணம்.

பழைய குசினியைக் காட்டினால் யாரும் வரமாட்டார்கள் என்று வீட்டுக்காரர்கள் சொல்லலாம். உண்மையில் வர வேண்டியவர்கள் வருவார்கள். பழைய குசினி போதும், வாடகை குறைந்தால் சரி என்று தேடும் குடும்பங்கள் நிறைய உண்டு. வந்து பார்த்து முகம் சுளித்துத் திரும்பும் இருபது பேரை விட, தெரிந்துகொண்டு வரும் இரண்டு பேர் வீட்டுக்காரருக்கும் இலாபம். வீட்டில் ஏற்கனவே ஆட்கள் குடியிருக்கும்போது உள்ளே படம் எடுப்பது அழகில்லை என்பதும் நியாயமான பேச்சு. அவர்களிடம் கேட்டு, உடுப்புகளையும் குடும்பப் படங்களையும் அகற்றிவிட்டு, ஆட்கள் இல்லாத நேரத்தில் எடுக்கலாமே.

இதை மாற்ற சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எங்கள் வீடுகளில் “மகள், ஒரு படம் எடுத்துத் தாங்க” என்று போனை நீட்டுவது எங்களிடம்தான். மேல்மாடியையோ அனெக்ஸையோ வாடகைக்கு விடும் குடும்பத்துப் பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான். பகலில் ஜன்னல்களைத் திறந்து வைத்து, 0.5ஐத் தொடாமல், ஒவ்வோர் அறைக்கும் ஒரு படம் எடுங்கள். குசினியில் சிங்க், ஜன்னல், கேஸ் சிலிண்டர் வைக்கும் இடம் மூன்றும் தெரியட்டும். குளியலறை, உடுப்புக் காயப்போடும் இடம், வீட்டுக்கு வரும் ஒழுங்கை ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு படம். கூரையில் மழைத் தண்ணீர் ஒழுகிய அடையாளம் இருந்தால் அதற்கும் ஒன்று.

பூச்சாடிக்குப் படம் தேவையில்லை. அதைக் குடிவருபவர்கள் கொண்டுவருவார்கள்.