ஒரே கனவு, இரண்டு வாசல்: மருத்துவம் படிக்க நினைக்கும் நம் பிள்ளைகள் எந்த வாசலில் நிற்கிறார்கள்?



கடந்த ஆண்டு மெட்ரிகுலேஷன் முடிவுகள் வெளிவந்த வாரத்தில், பிரிக்பீல்ட்சில் உள்ள என் அலுவலகத்திற்கு ஒரு தாயும் மகளும் வந்தனர். கிள்ளானிலிருந்து கொமுட்டர் பிடித்து வந்தவர்கள். வழக்கு எதுவும் இல்லை. "ஐயா, பிள்ளை டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்றா. எந்த கோர்ஸ்ல போடுறதுன்னு எங்களுக்குத் தெரியல. நீங்கதான் சொல்லணும்" என்றார் அந்தத் தாய்.

மகள் எஸ்.பி.எம். தேர்வில் 9 பாடங்கள் எழுதி 9-இலும் ஏ எடுத்தவள். அவற்றுள் இரண்டு ஏ மைனஸ். மெட்ரிகுலேஷன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. காரணம் சொல்லப்படவில்லை. கையில் ஒரு தனியார் கல்லூரியின் கடிதம். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் அறிவியல் அடிப்படைக் கல்வியில் இடம் உண்டாம். அதற்காகத் தாயின் சங்கிலி ஏற்கெனவே அடகுக்கடைக்குப் போய்விட்டது.

கடிதத்தை வரி வரியாகப் படித்தேன். "இங்கே சேர்ந்தால் மருத்துவம் உறுதி" என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள். கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. "இதில் கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா" என்றேன். அடுத்து அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. "அப்போ எம்பொண்ணு எங்கதான் போவா?"

இந்தக் கட்டுரை அந்த ஒரு மணி நேரத்தின் சுருக்கம்.

மருத்துவத்திற்கு முன் எந்த அறிவியல் படிப்பைத் தேர்ந்தெடுப்பது என்பது வேறு நாட்டில் ஆர்வத்தையும் திறமையையும் பொறுத்த கேள்வி. நம் நாட்டில் அது எந்த வாசலில் உங்களை நிற்க விடுவார்கள் என்ற கேள்வி. முதல் வாசல் மெட்ரிகுலேஷன். ஓராண்டுப் படிப்பு, தங்கும் விடுதி உண்டு, செலவு குறைவு, கல்வி அமைச்சே பாடம் நடத்தி, அமைச்சே தேர்வும் வைக்கிறது. இரண்டாவது வாசல் படிவம் ஆறு, அதாவது எஸ்.டி.பி.எம். 2012 முதல் மூன்று பருவங்களாக, ஒன்றரை ஆண்டு நீளும் படிப்பு. மலேசியத் தேர்வு மன்றம் நாடு முழுமைக்கும் நடத்தும் பொதுத் தேர்வு. இவ்விரண்டு வாசல் வழியாக வந்தவர்களும் இறுதியில் ஒரே யு.பி.யு. விண்ணப்பத்தில், அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் அதே மருத்துவ இடத்திற்குப் போட்டியிடுகிறார்கள். இங்கே எடுத்த 4.0 புள்ளியும் அங்கே எடுத்த 4.0 புள்ளியும் ஒன்றுதான் என்கிறது அரசாங்கம். வெவ்வேறு பாடத்திட்டம், வெவ்வேறு தேர்வு, வெவ்வேறு கால அளவு. ஆனால் ஒரே தராசு! மெட்ரிகுலேஷன் மாணவர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு பாதைகளை வைத்துக்கொண்டு அதற்குத் "தகுதி அடிப்படை" என்று பெயர் சூட்டியதைத்தான் கேட்கிறேன்.

கொஞ்சம் வரலாற்றைப் புரட்டுவோம். 2002-இல் பல்கலைக்கழக இனக் கோட்டா போய்விட்டது, இனி தகுதிதான் என்று அறிவித்தார்கள். 2003-இல் பூமிபுத்ராக்களுக்கென இருந்த மெட்ரிகுலேஷனில் மற்ற எல்லா இனத்தவருக்கும் சேர்த்து 10 விழுக்காடு திறந்துவிட்டார்கள். அதற்கடுத்த ஆண்டே, 2004-இல், எஸ்.டி.பி.எம். தேர்வில் முழுப் புள்ளி எடுத்த 128 மாணவர்களுக்கு மருத்துவ இடம் கிடைக்கவில்லை. நாடே கொதித்தது. முழுப் புள்ளிக்கு மேல் எடுக்க என்ன இருக்கிறது? அந்தப் பிள்ளைகள் இன்னும் எதைப் படித்திருக்க வேண்டும்?

2012-இல் இந்திய மாணவர்களுக்கு மெட்ரிகுலேஷனில் 1,500 இடங்கள் என்றார்கள். 2017-இல் அது 2,200 ஆகும் என்றார்கள். 2019-இல் மொத்த இடங்களை 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்த்தினார்கள். ஆனால் 90க்குப் 10 என்ற கோடு அப்படியே இருந்தது. 2024 ஜூன் மாதம், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ எடுத்த எவருக்கும் இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். நாமும் கைதட்டினோம். 2025-இல் ஏ மைனஸ் அந்தக் கணக்கில் சேராது என்ற விளக்கம் வந்தது!

இந்த அறிவிப்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்றாவது சட்டமா? இல்லை. எல்லாம் மேடையில் கொடுத்து, விளக்கத்தில் எடுத்துக்கொள்ளக்கூடிய சலுகைகள். 9 பாடம் மட்டுமே எழுதிய பிள்ளை 10 ஏ வாங்குவது எப்படி? பத்தாவது பாடத்திற்குப் பள்ளியில் ஆசிரியர் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? கூடுதலாகத் தமிழ்மொழியும் இலக்கியமும் எழுதத் துணிந்த பிள்ளை ஒன்றில் ஏ மைனஸ் வாங்கினால், அது தாய்மொழிப் பற்றுக்குக் கிடைத்த தண்டனையா?

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். "153-ஆம் விதியைத் தொடாதே, உள்ளே போட்டுவிடுவார்கள்" என்று நம்மவர்களே பயமுறுத்துவார்கள். சரியாகப் படித்துப் பாருங்கள். கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 10(4) விதி, 153-ஐக் கேள்வி எழுப்புவதைத் தடை செய்ய நாடாளுமன்றத்திற்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் அதன் அமலாக்கத்தைப் பற்றிப் பேசுவதை அதே விதி தனியே பிரித்து வைத்திருக்கிறது. நான் பேசுவது அமலாக்கத்தை மட்டுமே.

153(1) மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வகுடியினர் ஆகியோரின் சிறப்பு நிலையைப் பாதுகாக்கச் சொல்கிறது. அதே வாக்கியத்திலேயே மற்ற சமூகங்களின் நியாயமான நலன்களையும் பாதுகாக்கச் சொல்கிறது. வாக்கியத்தின் முன்பாதியை மட்டும் படிப்பவர்களுக்குப் பின்பாதியை நாம்தான் நினைவுபடுத்த வேண்டும். 1971-இல் சேர்க்கப்பட்ட 153(8A), தகுதி பெற்றவர்களைவிட இடங்கள் குறைவாக இருக்கும்போது, "நியாயமானது" என்று மாமன்னர் கருதும் அளவு இடங்களை ஒதுக்கப் பணிக்கலாம் என்கிறது. அளவு நியாயமாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் சொல். 2020 கணக்கெடுப்பின்படி குடிமக்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் பூமிபுத்ராக்கள். 90 எந்தக் கணக்கில் வந்தது? பொதுக் கல்விக்கூடங்களில் மாணவரைச் சேர்ப்பதில் இனப் பாகுபாடு கூடாது என்று 12(1) சொல்வது யாருக்காக?

கம்போங்கில் இருக்கும் ஏழை மீனவரின் பிள்ளை நமக்கு எதிரி அல்ல. அந்தப் பிள்ளைக்கு உதவ வேண்டும் என்றால் வறுமையை அளந்து உதவுங்கள். முதல் ஆளாக நானே ஆதரிப்பேன். கோலாலம்பூரின் பங்களா வீட்டுப் பிள்ளையும் கிள்ளான் மலிவு அடுக்குமாடி வீட்டுப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கும்போது, பங்களாப் பிள்ளைக்குக் கைகொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

இதனால் நோயாளிக்கும் நட்டம். 2024 மே மாதம், இதய அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் போதவில்லை என்பதால், பூமிபுத்ராக்களுக்கு மட்டுமேயான யு.ஐ.டி.எம். பல்கலைக்கழகத்தின் நிபுணத்துவப் பயிற்சியைத் தற்காலிகமாக மற்றவர்களுக்கும் திறக்கலாம் என்ற யோசனை வந்தது. அதற்கே மாணவர்கள் கறுப்புச் சட்டை அணிந்து எதிர்ப்புக் காட்டினார்கள். அறுவைச் சிகிச்சை மேசையில் படுத்திருப்பவர் எந்த மருத்துவரின் இனத்தைக் கேட்பார்?

உரிமைப் போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். உங்கள் பிள்ளையின் விண்ணப்பம் அதுவரை காத்திருக்காது. ஆகவே, இப்போதே செய்ய வேண்டியவை சில:

ஒன்று. நான்காம் படிவத்திலேயே விழித்துக்கொள்ளுங்கள். 2020 முதல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய ஏற்பாடு போய்ப் பாடத் தொகுப்புகள் வந்துவிட்டன. உயிரியலையோ இயற்பியலையோ "கஷ்டம்" என்று அங்கேயே கைவிட்ட பிள்ளை, மருத்துவத்தையும் அன்றே கைவிட்டுவிட்டது. எஸ்.பி.எம். தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி இல்லாமல் பின்னால் எவ்வளவு படித்தாலும் மருத்துவத்திற்கு உதவாது.

இரண்டு. மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். ஆனால் படிவம் ஆறை இரண்டாந்தரமாக நினைக்காதீர்கள். எஸ்.டி.பி.எம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் மதிக்கும் சான்றிதழ். அதில் உயிரியலும் வேதியியலும் கட்டாயம் எடுங்கள். மூன்றாவதாகக் கணிதமோ இயற்பியலோ இருக்கட்டும். யு.பி.யு. மதிப்பீட்டில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு. சீருடை இயக்கச் சான்றிதழையும் விளையாட்டுச் சான்றிதழையும் பத்திரப்படுத்தாமல் அங்கேயே தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று. தனியார் கல்லூரியில் கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். இந்த அடிப்படைக் கல்விச் சான்றிதழை வேறு எந்தெந்தப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும்? மருத்துவத்திற்குப் போக எத்தனை புள்ளி வேண்டும்? கிடைக்காவிட்டால் கட்டிய பணம் திரும்புமா? யு.பி.யு. வழியே அரசாங்க மருத்துவ இடத்திற்குப் போக இந்தச் சான்றிதழ் பொதுவாகப் பயன்படாது என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். இந்த வாசலுக்குப் பின்னால் காத்திருப்பது பல இலட்சம் ரிங்கிட் மருத்துவக் கட்டணம்.

நான்கு. வெளிநாடு என்றால், ஏஜெண்டின் பேச்சை விடுங்கள். 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். 2005-இல் கிரிமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை மீட்டுக்கொள்ள மலேசிய மருத்துவ மன்றம் முடிவெடுத்தபோது, தவித்துப்போனவர்களில் எத்தனை பேர் நம் வீட்டுப் பிள்ளைகள்! உள்நாட்டு வாசல் அடைபட்டதால்தான் அவர்கள் அவ்வளவு தூரம் போனார்கள் என்பதை யாரும் அன்று பேசவில்லை.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது தானம் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் மருத்துவத்திற்கு எந்த வாசல் வழியாக எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு, எந்தப் புள்ளியில் இடம் கிடைத்தது என்பதை வெளியிடுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். ஒரே இடத்திற்குப் போட்டி என்றால் ஒரே தேர்வு வையுங்கள். மறைக்க எதுவும் இல்லை என்றால் இதில் தயக்கம் எதற்கு? நம் வாக்கைக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும், எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்த மூன்றையும் கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கு நிராகரிப்புக் கடிதம் வந்தால் கிழித்துப் போடாதீர்கள், கோப்பில் வையுங்கள். நாளை இவைதான் சாட்சியம்.

அந்தக் கிள்ளான் பெண் இப்போது படிவம் ஆறில் உயிரியல், வேதியியல், கணிதம் படிக்கிறாள். தாய் தவணை கட்டிச் சங்கிலியை மீட்டுவிட்டார். நாளை அவளும் 4.0 எடுக்கக்கூடும். அன்றைக்கு அவள் கையில் இன்னொரு நிராகரிப்புக் கடிதத்தைக் கொடுத்தால், அவளுக்குச் சொல்ல நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

சிந்திப்பீர்! கேள்வி கேட்பீர்!