காரமும் அல்கலியும்

உயர்நிலைப் பள்ளி வேதியியலில் மாணவர் இடறும் சொற்களுள் முதன்மையானது ‘காரம்’. மிளகாயும் காரம், சுண்ணாம்பு நீரும் காரம் எனின் பிள்ளைகள் என் செய்வர்? மிளகாயின் உறைப்பு கேப்சைசின் என்னும் பொருளால் வருவது. அது சிவப்பு லிட்மசை நீலமாக்குவதில்லை. படிகாரத்தின் நிலை இன்னும் வேடிக்கையானது. பெயரில் காரம் உண்டு. கரைசலோ அமிலத் தன்மையது! வெண்காரக் கரைசல் மட்டும் பெயருக்கேற்பக் காரமே, அதன் பி.எச். மதிப்பு 9-ஐ ஒட்டியது.

இதனைக் காட்டித் தமிழ்வழிக் கல்வியையே குறைகூறுவோரை நாம் ஏற்பதற்கில்லை. ஆங்கிலத்தார் வழங்கும் ‘அல்கலி’ அரபு மொழி தந்த சொல். உவர்நிலச் செடிகளை எரித்துப் பெற்ற சாம்பலைக் குறித்தது அது. சவர்க்காரமும் கண்ணாடியும் செய்ய அச்சாம்பல் உதவிற்று. இன்று சோடியம் ஹைட்ராக்சைடு உப்புநீரை மின்னாற்பகுத்துப் பெறப்படுகிறது. சாம்பல் இல்லையே என்று எவரும் அச்சொல்லைத் துறந்தாரில்லை.

குறை சொல்லில் இல்லை. அதன் இருபொருளை முதல் பாடத்திலேயே பிரித்துரைக்காத பயிற்றுமுறையில் உள்ளது. வேதியியல் ஆசிரியர் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவருமாக, லிட்மஸ் தாளும் சிறிது படிகாரமும் வெண்காரமும் கொண்டு, நம் கல்லூரியினர் அண்டைப் பள்ளிகளுக்கு இவ்வாண்டே செல்லலாம்.