ஐநூறு மீட்டர் கணக்கு

மேம்பாலமோ ரயில் பாதையோ, சொன்ன செலவில் முடியவில்லை என்றால் எங்கள் அஸ்தம்பட்டி டீக்கடைகளில் காரணம் ரெடியாக இருக்கும்: "பாதிப் பணத்தை அடிச்சிட்டாங்கப்பா." அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், லஞ்சம் குறைவான நாடுகளில் எல்லாம் சொன்ன செலவிலேயே முடிய வேண்டுமே? முடிவதில்லை நண்பர்களே.

டென்மார்க் பேராசிரியர் பென்ட் ஃப்ளைவ்பியர்க்கும் அவர் குழுவும் 20 நாடுகளில் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2002ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது திட்டங்களில் மதிப்பீட்டை விடச் செலவு அதிகம். சராசரியாக ரயிலில் 45 சதவீதம், பாலம், சுரங்கங்களில் 34, சாலைகளில் 20. தெரியாமல் செய்த தப்பு என்றால் சிலது கூடவும் சிலது குறையவும் வந்திருக்க வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் கோளாறு தராசில்தான்.

நம்ம ஊர் உதாரணம், சென்னை வேளச்சேரி - பரங்கிமலை பறக்கும் ரயில் பாதை. மொத்தமே 5 கிலோமீட்டர். 2008ல் 495 கோடி ரூபாய் மதிப்பீட்டில் வேலை தொடங்கியது. நாலரை கிலோமீட்டருக்குத் தூண்கள் எழுந்தன. ஆதம்பாக்கத்தில் மீதி 500 மீட்டருக்கு நிலம் கையில் இல்லை. உரிமையாளர்கள் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் போனார்கள். வேலை வருடக்கணக்கில் நின்றது. மதிப்பீடு 700 கோடியைத் தாண்டிவிட்டது.

90 சதவீதம் நிலம் இருந்ததே என்கிறீர்களா? ரயில் பாதையில் 90 சதவீதம் என்பது பூஜ்ஜியம். கட்டி முடித்த நாலரை கிலோமீட்டரில் ஒரு டிக்கெட் கூட விற்க முடியாது. போட்ட பணம் தூங்கும், இரும்பு, சிமெண்ட் விலை தூங்காது!

இந்த மாதிரிச் சமயங்களில் "நிலம் கொடுக்காதவர்களால் தாமதம்" என்று செய்தி வரும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அவர்கள் கேட்டது நிலத்தின் விலை. அது திட்டத்தின் செலவுதான், மதிப்பீட்டில் சேர்க்காமல் விட்ட செலவு. சேலம் - சென்னை எட்டு வழிச்சாலையையே பாருங்கள். 2018ல் 277 கிலோமீட்டர், 10,000 கோடி என்று அறிவிப்பு வந்தது. வயல்களில் அளவுக்கல் நட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் புதிதாக அறிவிப்பு வெளியிடலாம் என்றது. தொகை முதலில், நிலம் பிறகு. இதுதான் நம் பழக்கம்.

பி.காம். படிப்பவர்களுக்கு ஸ்டாண்டர்ட் காஸ்டிங் பாடம் நினைவிருக்கும். ஸ்டாண்டர்டே தப்பு என்றால் வேரியன்ஸ் கண்டுபிடித்து என்ன பயன்? குறைத்துச் சொன்னால் ஒப்புதல் சீக்கிரம் கிடைக்கும். வேலை ஆரம்பித்துவிட்டால் பாதியில் விட யாருக்கும் மனசு வராது. இது தெரிந்துதான் குறைத்துச் சொல்கிறார்கள் என்று அந்தக் கட்டுரையும் சந்தேகப்படுகிறது.

"உண்மையைச் சொன்னால் எதையுமே கட்ட முடியாது" என்று ஒரு வாதம் உண்டு. ஆனால் அரசிடம் இருக்கும் பணம் ஒன்றுதான். குறைத்துச் சொன்ன திட்டம் ஜெயிக்கும்போது, நேர்மையாகக் கணக்குக் கொடுத்த இன்னொரு திட்டம் தோற்றுப்போகிறது. அது ஒரு கிராமத்துக்கு வர வேண்டிய பஸ்ஸாகக் கூட இருக்கலாம்.

என் யோசனை இரண்டு. ஒன்று, ரயில் பாதை மாதிரி தொடர்ச்சியான வேலைகளுக்கு முழு நிலமும் கைக்கு வரும் முன் டெண்டர் விடக்கூடாது. இரண்டு, திறப்பு விழாக் கல்வெட்டில் மந்திரி பெயருக்குக் கீழே இரண்டு வரி சேர்க்க வேண்டும்: முதல் மதிப்பீடு இவ்வளவு, ஆன செலவு இவ்வளவு.

கல்வெட்டுக்கு ஆகும் செலவு கூடாது. அதற்கு நான் கியாரண்டி :-)