தட்டினால் மட்டும் போதுமா?



விருதுநகர் பங்குனிப் பொங்கல், சிவகாசி சித்திரைப் பொங்கல் என்று திருவிழா வந்துவிட்டால், மெல்லிசை மேடையில் 'ரிதம் பேட்' வாசிப்பவரைத்தான் சிறுவர்கள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள்.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1985ல் வெளியிட்ட 'ஆக்டோபேட்' கருவியில் எட்டுத் தட்டும் பரப்புகள் உண்டு. ரப்பருக்கு அடியிலுள்ள உணர்கருவி, அடியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும். அதற்கேற்ற ஒலி பிறக்கும்.

தோல் இல்லை, வார் இல்லை. ஆகவே பராமரிப்பும் வேண்டாம் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு! மிருதங்கக் கலைஞர் கச்சேரிக்கு முன் இடப்பக்கம் ரவை ஒட்டுவார். முடிந்ததும் சுரண்டி எடுப்பார். பறை அடிப்பவர் முதலில் தீயில் காய்ச்சுவார். அதே அக்கறை பேடுக்கும் தேவை.

ஸ்டாண்டை ஆடாமல் இறுக்கி, இடுப்பு உயரத்தில் வையுங்கள். எல்லா வயர்களையும் மாட்டிய பிறகு பேடையும், கடைசியாக ஆம்ப்ளிபயரையும் போடுங்கள். அணைக்கும்போது ஆம்ப்ளிபயரை முதலில் அணையுங்கள். அதற்குரிய அடாப்டரையே பயன்படுத்துங்கள். ஒன்றைத் தட்டினால் பக்கத்துப் பரப்பும் ஒலிக்கிறதா? உணர்திறன் அளவைக் குறையுங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, தூசி படாமல் மூடுங்கள். நம் ஊர் வெயிலில் வைக்கவே கூடாது.

பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பெற்றோர் வாங்கித் தந்த கருவி, அலட்சியத்தால் மூலையில் கிடக்கலாமா? பள்ளி விழாவில் வாசிக்கும் மாணவனே அதைப் பூட்டவும், துடைக்கவும் வேண்டும் என்பேன். மின் இணைப்புக்கு மட்டும் பெரியவர்கள் துணை அவசியம். கருவியைப் பேணுபவனே முழுக் கலைஞன்!