மட்டை எல்லார்க்கும் உரியது

நுழையும்முன்

விளையாட்டு என்றதும் பதக்கமும் கோப்பையும் நினைவுக்கு வருகின்றன. ஆனால், மாலை வேளையில் மட்டையை எடுத்துக்கொண்டு களத்திற்குச் செல்வோருள் பெரும்பாலோர் எந்தப் போட்டியிலும் வென்றவர் அல்லர்; வெல்லப்போகிறவரும் அல்லர். அவர்களின் ஆட்டத்திற்கு மதிப்பு உண்டா? பள்ளி அவர்களுக்கும் களத்தில் இடம் தர வேண்டுமா? இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாலைக் களம்

தமிழகத்தின் சிற்றூர்கள் பலவற்றில் பூப்பந்துக் களம் ஒன்றைக் காணலாம். பள்ளித் திடலின் ஓரத்திலோ, அலுவலர் குடியிருப்பின் பின்புறத்திலோ இரண்டு கம்பங்கள் நடப்பட்டிருக்கும். வெயில் தாழ்ந்ததும் தரையில் தண்ணீர் தெளிப்பர்; சுண்ணாம்புக் கோடுகளைப் புதுப்பிப்பர்; வலை கட்டுவர். ஆசிரியர், அஞ்சலக ஊழியர், கடைக்காரர், கல்லூரி மாணவர் எனப் பலரும் வந்து சேர்ந்தபின் ஐவர் ஐவராகப் பிரிவர். நேற்று எதிரணியில் நின்றவர் இன்று பக்கத்தில் நிற்பார். இருட்டிப் பந்து கண்ணுக்குத் தெரியாமற்போகும் வரை ஆட்டம் நடைபெறும். யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பது மறுநாள் எவர் நினைவிலும் இராது.

இத்தகைய ஆட்டத்தைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதுவதில்லை. அதனால், இதனை 'வெறும் பொழுதுபோக்கு' என ஒதுக்கும் வழக்கம் நிலவுகிறது. போட்டிக்காக ஆடுவதே விளையாட்டு, ஏனையவை வீண்பொழுது என்னும் எண்ணம் பள்ளிகளுக்குள்ளும் புகுந்துள்ளது. பள்ளி அணிக்குத் தேர்வான சிலர் களத்தில் ஆட, வகுப்பின் பெரும்பகுதி ஓரத்தில் அமர்ந்து வேடிக்கை பார்ப்பது பழகிய காட்சியாகிவிட்டது. மேல்நிலை வகுப்புகளை அடைந்ததும் உடற்கல்விப் பாடவேளையே கணக்கிற்கோ இயற்பியலுக்கோ கைமாறிவிடுவதும் உண்டு. இந்த எண்ணம் சரிதானா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பொழுதுபோக்கே தொடக்கம்

மட்டை விளையாட்டுகளின் வரலாறு பொழுதுபோக்கிலிருந்தே தொடங்குகிறது. பிரான்சு நாட்டில் உள்ளங்கையால் பந்தைத் தட்டி ஆடிய பழைய ஆட்டமே, பின்னர் மட்டையைப் பெற்று வளர்ந்தது. 1874ஆம் ஆண்டு வால்டர் கிளாப்டன் விங்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயர், புல்தரையில் டென்னிஸ் ஆடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மட்டை, பந்து, வலை ஆகியவற்றை ஒரே பெட்டியில் வைத்து விற்பனை செய்தார். வீட்டுத் தோட்டத்தில் விருந்தினருடன் கூடி ஆட விரும்பியோருக்கு அப்பெட்டி பெரிதும் உதவியது. புகழ்பெற்ற விம்பிள்டன் போட்டி தொடங்கியது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1877இல்தான்.

இறகுப்பந்தின் கதையும் இதனை ஒத்ததே. இறகு செருகிய தக்கையைக் கீழே விழவிடாமல் இருவர் மாறி மாறித் தட்டுவது ஐரோப்பாவில் வழங்கிய பழைய ஆட்டம். அதில் வென்றவர், தோற்றவர் என்னும் பிரிவு இல்லை. இருவரும் சேர்ந்து எத்தனை முறை தட்டினர் என்பதே கணக்கு. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிகள் நடுவில் வலை கட்டி அதனை ஆடினர்; புனே நகரில் அதற்கு விதிகள் வகுக்கப்பட்டன. ஒலிம்பிக்கில் பதக்கத்திற்குரிய விளையாட்டாக அது சேர்க்கப்பட்டது 1992இல் ஆகும். மேசைப்பந்தோ, இங்கிலாந்து நாட்டு வீடுகளில் இரவு உணவு முடிந்தபின் உணவு மேசையின்மீதே ஆடப்பட்ட ஆட்டமாகும்.

ஆக, முதலில் வந்தது கூடி மகிழும் ஆட்டம். போட்டி அதிலிருந்து பின்னர்க் கிளைத்தது. வேரை வீண் என்று வெட்டிவிட்டுக் கிளையில் கனியை எதிர்பார்க்க இயலாது. இன்று உலக அரங்கில் ஆடும் வீரர்களும், தொடக்கத்தில் எவருடனோ விளையாட்டாக ஆடி, அதில் சுவை கண்ட பிறகே பயிற்சிக்குச் சென்றிருப்பர்.

தெரிந்து தெளிவோம்

பூப்பந்து தமிழ்நாட்டு மண்ணுடன் தொடர்புடைய விளையாட்டு. 1856ஆம் ஆண்டளவில் தஞ்சாவூர் அரச குடும்பத்தினர் இதனை ஆடினர் என்பர். இறகுப்பந்து மெல்லிய காற்றிலும் திசை மாறும். பூப்பந்து ஆட்டத்திற்குரிய பந்து கம்பளி நூலால் ஆனது. ஆகவே, திறந்தவெளிக்கு ஏற்றது. 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில் அணிக்கு ஐவராக இது ஆடப்படுகிறது.

உடல் பெறும் நலம்

மட்டை விளையாட்டில் உடலின் எல்லா உறுப்புகளும் இணைந்து இயங்குகின்றன. பந்து எங்கு விழும் என்பதைக் கண் கணிக்கிறது, கால்கள் அவ்விடத்தை நோக்கி விரைகின்றன, இடுப்பு திரும்புகிறது, தோளும் மணிக்கட்டும் மட்டையை வீசுகின்றன. சில நொடி ஓட்டம், சில நொடி ஓய்வு என மாறி மாறி நிகழ்வதால் இதயமும் நுரையீரலும் வலுப்பெறுகின்றன.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஏறத்தாழ 8,500 பேரை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. உடலுழைப்பற்ற வாழ்க்கை வாழ்வோரை நோக்க, மெல்லோட்டம் ஓடுவோரின் ஆயுள் 3.2 ஆண்டுகளும், இறகுப்பந்து ஆடுவோரின் ஆயுள் 6.2 ஆண்டுகளும், டென்னிஸ் ஆடுவோரின் ஆயுள் 9.7 ஆண்டுகளும் மிகுதி என அவ்வாய்வு மதிப்பிட்டது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆகிய பகுதிகளில் 80,000 பேரிடம் நிகழ்த்தப்பெற்ற மற்றோர் ஆய்வும் மட்டை விளையாட்டு ஆடுவோரிடையே இறப்பு வீதம் குறைவாக இருப்பதைக் காட்டியது.

இவ்வெண்களைக் கண்டு மட்டையே ஆயுளைக் கூட்டியது எனத் துணிந்துவிடுதல் கூடாது. டென்னிஸ் ஆடுவோர் பெரும்பாலும் வசதியும் ஓய்வும் உடையோர்; அவர்களின் நலத்திற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். எனினும், கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் சுட்டிய ஒரு கருத்து சிந்திக்கத்தக்கது. பிறருடன் கூடி ஆடும் விளையாட்டுகளே பட்டியலில் முன்னிற்கின்றன. தனியே ஓடுபவருக்கு உடற்பயிற்சி கிடைக்கிறது. மட்டை பிடிப்பவருக்கு அதனுடன் ஒரு தோழமையும் கிடைக்கிறது. தனக்காக ஒருவர் களத்தில் காத்திருக்கிறார் என்னும் எண்ணமே, சோம்பல் மிகுந்த நாளிலும் மனிதரை வீட்டைவிட்டு வெளியே வரச் செய்கிறது.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. காலையில் தனிப்பயிற்சி, பகலில் வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, இரவில் வீட்டுப்பாடம் என அமர்ந்தே நாளைக் கழிக்கும் மேல்நிலை மாணவருக்கு அந்த 60 நிமிடம் எங்கே இருக்கிறது?

நடுவர் இல்லாத ஆட்டம்

உடல்நலத்தினும் மேலான பயன் ஒன்றும் இவ்வாட்டத்தில் உண்டு. பெரிய போட்டிகளில் நடுவரும் கோட்டுக் கண்காணிப்பாளரும் இருப்பர், கருவிகளும் துணைநிற்கும். மாலைக் களத்தில் இவர்களுள் எவரும் இலர். பந்து தன் பக்கத்தில் கோட்டிற்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்பதை ஆடுபவரே சொல்ல வேண்டும். நடுவர் இல்லாமல் ஆடும் டென்னிஸில் இதற்கு ஒரு மரபு உண்டு. தெளிவாக வெளியே விழக் கண்டால் மட்டுமே 'வெளியே' எனக் கூறலாம். ஐயம் ஏற்படின் அப்புள்ளி எதிராளிக்கே உரியது.

இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால், தனக்கு இழப்பைத் தரும் உண்மையை, எவரும் கேட்காதபோதும் தானே முன்வந்து சொல்லும் பழக்கம் வேறு எந்தப் பாடவேளையில் கற்பிக்கப்படுகிறது? தேர்வறையில் கண்காணிப்பாளர் இருக்கிறார்; சாலையில் காவலர் நிற்கிறார். மாலைக் களத்தில் மனச்சான்று ஒன்றே காவல். அங்கே ஒருமுறை பொய் சொன்னவருக்கு உடனடியாகத் தண்டனை ஏதும் இல்லை. ஆயினும், மறுநாள் அவரைத் தம் அணியில் சேர்க்கப் பிறர் தயங்குவர். நேர்மை என்பது பிறருடன் தொடர்ந்து வாழ்வதற்கான தகுதி என்பதைக் களம் இவ்வாறு உணர்த்துகிறது.

வலைக்கு அப்பால் நிற்பவர் பகைவர் அல்லர். அவர் இல்லையேல் ஆட்டமே இல்லை. புதிதாக வந்தவருக்கு, அவர் திருப்பி அடிக்கும் அளவிற்கு மெதுவாகப் பந்தை அனுப்பும் மூத்த ஆட்டக்காரரைக் களந்தோறும் காணலாம். விரைவாக வெல்வதைவிட ஆட்டம் தொடர்வதே இனிது என்பதை அவர் அறிவார். தோற்றவர் மறுநாளும் மட்டையுடன் வருவதும் ஒரு பாடமே. ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் மனமுடைந்து போகும் இளையோர்க்கு, தோல்விக்குப் பின்னும் ஆட்டம் உண்டு என்பதை அன்றாட அனுபவமாக்கித் தருதல் இன்றியமையாதது.

எழும் தடைகள்

இதற்கு எதிராக மூன்று தடைகள் கூறப்படுகின்றன. முதலாவது, நேரமின்மை. மேல்நிலைத் தேர்வு வாழ்வைத் தீர்மானிக்கிறது. விளையாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் எனப் பெற்றோர் கருதுகின்றனர். அவர்களின் அச்சம் நியாயமற்றது அன்று. ஆனால், தொடர்ந்து அமர்ந்து படிப்பவரின் கவனம் தளர்வதைப் பெற்றோரும் ஆசிரியரும் நாள்தோறும் காண்கின்றனர். வாரத்தில் ஓரிரு பாடவேளைகளைக் களத்திற்குத் தருவதால் பாடம் கெடாது. களைப்பு நீங்கிய மனம் பாடத்தை எளிதில் ஏற்கும். மேலும், பதினேழு வயதில் கைவிட்ட பழக்கம் நாற்பது வயதில் மருத்துவர் சொன்னதும் தானே திரும்பி வருவதில்லை.

இரண்டாவது, செலவு. விலையுயர்ந்த மட்டையும் மரத்தளம் இட்ட உள்ளரங்கும் போட்டியாளர்க்குத் தேவைப்படலாம். விளையாடி மகிழ அவை தேவையில்லை. இறகாலான பந்து விரைவில் சிதையும். நைலான் பந்து பல நாள் உழைக்கும். வலை இல்லாத இடத்தில் கயிறு கட்டியும் ஆடலாம். துணைக்கு ஆள் இல்லாதவருக்கு ஒரு சுவரே போதும். பள்ளியில் உள்ள சில மட்டைகளை அணியினரின் உடைமையாகப் பூட்டி வைக்காமல், முறைவைத்து எல்லார் கையிலும் கொடுப்பதே முதற்பணி.

மூன்றாவதும் பெரியதுமான தடை, பெண்களைப் பற்றியது. சிறு வயதில் தெருவில் இறகுப்பந்து ஆடிய பெண், மேல்நிலை வகுப்பிற்கு வந்ததும் களத்தைவிட்டு விலகுகிறாள், அல்லது விலக்கப்படுகிறாள். இதனைத் தமிழ் மரபு என்று கூறுவார்க்கு இலக்கியமே மறுமொழி தருகிறது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையில் மகளிர் பந்தாடிப் பாடும் 'கந்துகவரி' இடம்பெற்றுள்ளது. பெருங்கதையில் மகளிர் பந்தடிக்கும் திறனை விரிக்கும் பகுதியே உண்டு. மகளிர் பந்தாடுவதை நம் முன்னோர் பாடிக் களித்தனர். வலையால் பிரிக்கப்பட்ட களத்தில் உடல் மோதலுக்கு இடமில்லை. வலிமையை மட்டும் நம்பாமல் நுட்பத்தாலும் ஆட இயலும். ஆண், பெண் இருபாலரும் இணைந்து ஆடும் இரட்டையர் ஆட்டம் டென்னிஸ், இறகுப்பந்து, மேசைப்பந்து ஆகிய மூன்றிலும் உலக அளவில் ஏற்கப்பட்டுள்ளது. மாணவியர்க்கெனக் களத்தில் உறுதியான நேரம் ஒதுக்குவது பள்ளியின் கடமையாகும்.

களம் திறக்கட்டும்

போட்டி வேண்டா என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. திறமையாளர்க்குப் பயிற்சியும் ஊக்கமும் தேவை. விளையாட்டு ஒதுக்கீட்டால் உயர்கல்வியும் வேலையும் பெற்ற ஏழை மாணவர் பலர். ஆயினும், ஒரு பள்ளியின் விளையாட்டுச் சிறப்பை அலமாரியில் உள்ள கோப்பைகளின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் குறைபாடுடையது. அணியில் இடம்பெறாத மாணவருள் எத்தனை பேர் இவ்வாரம் மட்டையைக் கையில் எடுத்தனர் என்பதும் ஓர் அளவுகோலாக வேண்டும்.

எழுத்தறிவைக் கவிஞர் ஆகப்போகிறவர்க்கு மட்டும் நாம் கற்பிப்பதில்லை. கணக்கை அறிஞர் ஆகப்போகிறவர்க்கு மட்டும் ஒதுக்குவதில்லை. விளையாட்டும் அத்தகையதே. பூட்டிய அறையில் இருக்கும் மட்டைகள் வெளியே வரட்டும். நன்றாக ஆடத் தெரிந்தவர் ஒருபுறமும், பந்தைத் தவறவிட்டுச் சிரிப்பவர் மறுபுறமும் நிற்கட்டும். இடையே வலை இருந்தாலும் களம் இருவர்க்கும் பொது.